சிறுநீரகக் கல்: எந்தக் கல்லுக்கு எந்தச் சிகிச்சை?

விலாவுக்குக் கீழே திடீரென்று கிளம்பி, அடிவயிறு, தொடை இடுக்கு வரை இறங்கும் வலி. படுத்தாலும் உட்கார்ந்தாலும் நிற்காது. வாந்தியும் வியர்வையும் சேர்ந்துகொள்ளும். சிறுநீரகக் கல்லால் வரும் இந்த வலியை ஒரு முறை அனுபவித்தவர்கள் ஆயுளுக்கும் மறப்பதில்லை.

ஆனால் இந்த நோயில் நாம் அதிகம் பயப்பட வேண்டியது வலியைப் பற்றியல்ல, வலி நின்றுவிடுவதைப் பற்றித்தான். ஊசி போட்டதும் வலி நிற்கிறது. உடனே "கல் கரைந்துவிட்டது" என்று முடிவு செய்து வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். கல் அதே இடத்தில் அடைத்துக்கொண்டு கிடக்கலாம். சிறுநீர் இறங்க வழியில்லாமல் சிறுநீரகம் வீங்கத் தொடங்கும். வீக்கம் பழகிவிட்டால் வலியே தெரியாது. முழு அடைப்பு வாரக்கணக்கில் நீடித்தால் அந்தச் சிறுநீரகம் நிரந்தரமாகக் கெட்டுப்போகவும் கூடும். எனவே வலி நின்றதா என்பதைவிட, கல் வெளியேறியதா என்று ஸ்கேன் மூலம் உறுதி செய்துகொள்வதே முக்கியம்.

கல்லுக்கு என்னென்ன சிகிச்சைகள் உள்ளன, எந்தச் சிகிச்சை யாருக்குப் பொருந்தும், மீண்டும் வராமல் தடுக்க என்ன செய்யலாம் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

கல் எப்படி உருவாகிறது?

சிறுநீரில் கால்சியம், ஆக்சலேட், யூரிக் அமிலம் போன்ற உப்புகள் கரைந்திருக்கின்றன. தண்ணீர் குறைந்து சிறுநீர் கெட்டியாகும்போது இவை படிகங்களாகி, ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாக வளர்கின்றன. கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட் கற்கள். யூரிக் அமிலக் கற்கள், கிருமித் தொற்றால் வளரும் கற்கள், பரம்பரைக் குறைபாட்டால் வரும் சிஸ்டின் கற்கள் ஆகியவை மற்ற வகைகள்.

வெயிலில் வேலை செய்பவர்களுக்கும் வெப்பமான நாடுகளில் வாழ்பவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல். வியர்வையாக நீர் வெளியேறிவிடுவதால் சிறுநீர் குறைகிறது. நம் குடும்பங்களில் வளைகுடா நாடுகளில் கட்டட வேலை, ஓட்டுநர் வேலை பார்ப்பவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். கழிப்பறை வசதி இல்லையென்று தண்ணீரையே குறைத்துக்கொள்வது, வலி வரும்போதெல்லாம் வலி மாத்திரை போட்டுக்கொண்டு "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவது ஆகிய இரண்டும் சிறுநீரகத்துக்குக் கேடு.

எப்போது உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்?

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும் வரை காத்திருக்கக் கூடாது:

• வலியுடன் காய்ச்சல் அல்லது குளிர் நடுக்கம்
• சிறுநீர் அறவே வராமல் நின்றுவிடுவது
• மருந்துக்கும் அடங்காத வலி, தண்ணீர்கூடத் தங்காத வாந்தி
• ஒரே சிறுநீரகத்துடன் வாழ்பவர்களுக்கும், ஏற்கெனவே சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கும் கல் வலி வருவது
• கர்ப்பிணிகளுக்குக் கல் வலி வருவது

இவற்றில் மிக ஆபத்தானது காய்ச்சல். அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமி பெருகினால் அது ரத்தத்தில் கலந்து சில மணி நேரங்களில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். அப்போது மருத்துவர்கள் கல்லை உடைக்க முற்பட மாட்டார்கள். முதலில் உள்ளே ஸ்டென்ட் குழாய் வைத்தோ, முதுகு வழியாக ஒரு குழாய் செருகியோ தேங்கிய சிறுநீரை வடியவிடுவார்கள். கிருமி அடங்கிய பிறகுதான் கல்லுக்குச் சிகிச்சை. "கல்லை எடுக்காமல் குழாய் மட்டும் வைத்துவிட்டார்களே" என்று உறவினர்கள் கோபப்படுவதுண்டு. அங்கே உயிரைக் காப்பது அந்தக் குழாய்தான்.

எந்தப் பரிசோதனை?

முதலில் சிறுநீர்ப் பரிசோதனை, ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு, அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன் ஆகியவை எடுக்கப்படும். அல்ட்ரா சவுண்டில் சிறுநீரக வீக்கம் தெரியும். ஆனால் சிறுநீர்க்குழாயின் நடுப்பகுதியில் உள்ள சிறிய கல் தெரியாமல் போகலாம். கல்லின் அளவு, இடம், கடினத்தன்மை மூன்றையும் துல்லியமாகக் காட்டுவது மருந்து செலுத்தாமல் எடுக்கும் சி.டி. ஸ்கேன். சாதாரண எக்ஸ்ரேயில் யூரிக் அமிலக் கற்கள் தெரிவதில்லை. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கதிர்வீச்சைத் தவிர்க்க அல்ட்ரா சவுண்ட்தான் முதலில் செய்யப்படும்.

சிகிச்சை 1: காத்திருத்தல்

எல்லாக் கல்லுக்கும் அறுவை சிகிச்சை தேவையில்லை. சிறுநீர்க்குழாயில் இறங்கிவிட்ட 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கற்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தாமாகவே வெளியேறிவிடும். 5 முதல் 10 மில்லிமீட்டர் வரை உள்ளவற்றில் ஏறத்தாழ பாதி வெளியேறும். கல் சிறுநீர்ப்பைக்கு அருகில் இருந்தால் வாய்ப்பு இன்னும் அதிகம்.

காய்ச்சல் இல்லை, வலி கட்டுக்குள் இருக்கிறது, சிறுநீரகம் நன்றாக இயங்குகிறது என்றால் நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை மருத்துவரின் கண்காணிப்பில் காத்திருக்கலாம். இந்தக் காலத்தில் வலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற மருந்து தரப்படும். வயிற்றுப் புண், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. குழாயின் கீழ்ப்பகுதியில் 5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கல் இருந்தால், குழாயின் தசையைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரையும் தருவார்கள். இதனால் சிலருக்கு எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் வரலாம்.

கடும் வலி இருக்கும்போது கல்லைத் தள்ளிவிடலாம் என்று லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். அடைபட்ட குழாயில் அதனால் பயனில்லை. வாந்தியும் வலியும்தான் கூடும். வழக்கமான அளவு குடித்தால் போதும்.

காத்திருக்கும் நாட்களில் சிறுநீரை ஒரு வடிகட்டியில் வடித்துப் பாருங்கள். கல் கிடைத்தால் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் கொடுங்கள். அது எந்த வகைக் கல் என்று ஆய்வகத்தில் தெரிந்துகொண்டால்தான் அடுத்த கல்லைத் தடுக்க வழி கிடைக்கும்.

சிகிச்சை 2: மருந்தால் கரைத்தல்

மருந்தால் கரைக்கத்தக்க முக்கியமான வகை யூரிக் அமிலக் கல். பொட்டாசியம் சிட்ரேட் போன்ற மருந்துகளால் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்தால் இந்தக் கற்கள் வாரங்கள், மாதங்களில் கரையக்கூடும். மிக அதிகமாகக் காணப்படும் கால்சியம் ஆக்சலேட் கல்லை இப்படிக் கரைக்கும் மருந்து எதுவும் இல்லை. வகை தெரியாமல் "கல் கரைக்கும் மருந்து" என்று விற்கப்படுவதை நம்பி மாதக்கணக்கில் காலம் கடத்துவது அடைப்பை வளர்ப்பதில்தான் முடியும்.

சிகிச்சை 3: அதிர்வலையால் உடைத்தல்

இ.எஸ்.டபிள்யூ.எல். என்பது உடலில் கத்தி வைக்காமல், வெளியிலிருந்து அதிர்வலைகளைச் செலுத்திக் கல்லைத் தூளாக்கும் முறை. ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1980-ல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இது செய்யப்பட்டது. விமானத் தொழில்நுட்ப ஆய்விலிருந்து பிறந்த கருவி இது. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம்.

சிறுநீரகத்தில் உள்ள 2 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கற்களுக்கும் குழாயின் மேற்பகுதிக் கற்களுக்கும் இது ஏற்றது. கல் மிகக் கடினமாக இருந்தாலோ, சிறுநீரகத்தின் அடிப்பகுதியில் 1 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, நோயாளி மிகவும் பருமனாக இருந்தாலோ பலன் குறையும். ஒன்றுக்கு மேற்பட்ட முறை செய்ய வேண்டி வரலாம். உடைந்த துகள்கள் சிறுநீரோடு வெளியேற வேண்டும் என்பதால் சில நாட்கள் வலியும் லேசான ரத்தமும் இருக்கும். துகள்கள் குழாயில் வரிசையாக அடைத்துக்கொள்வதும் உண்டு.

கர்ப்பிணிகளுக்கு இதைச் செய்யவே கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இதய நோய்க்காகச் சாப்பிடும் மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்து. மறைப்பதும் ஆபத்து.

சிகிச்சை 4: உள்நோக்கிக் கருவியும் லேசரும்

சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய கருவியைச் செலுத்தி, கல்லை நேரில் பார்த்து லேசரால் உடைக்கும் முறை இது. சிறுநீர்க்குழாயில் உள்ள கல்லுக்குச் செய்வதை யு.ஆர்.எஸ். என்பார்கள். வளையும் கருவியால் சிறுநீரகத்துக்குள்ளேயே சென்று உடைப்பதை ஆர்.ஐ.ஆர்.எஸ். என்பார்கள். உடலில் எங்கும் கீறல் இல்லை. மயக்க மருந்து தேவை. ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். குழாயின் கீழ்ப்பகுதிக் கற்களுக்கு ஒரே முறையில் தீர்வு கிடைக்கும் வாய்ப்பு அதிர்வலையைவிட இதில் அதிகம்.

ஸ்டென்டை மறக்காதீர்கள்

இந்தச் சிகிச்சைக்குப் பிறகு, சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே டி.ஜே. ஸ்டென்ட் எனும் மெல்லிய குழாயைப் பெரும்பாலும் வைப்பார்கள். வீக்கத்தால் வழி அடைபடாமல் இருக்க இது உதவுகிறது. அது உள்ளே இருக்கும் வரை அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உணர்வு, எரிச்சல், விலாவில் இழுப்பு, சிறுநீரில் ரத்தச் சாயல் ஆகியவை இருக்கலாம்.

இந்த ஸ்டென்ட் நிரந்தரமானதல்ல. பெரும்பாலும் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் எடுத்துவிட வேண்டியது. வலி நின்றுவிட்டது, வேலை இருக்கிறது, விசா வந்துவிட்டது என்று பலரும் அதை மறந்துவிடுகிறார்கள். மாதங்கள் கடந்தால் ஸ்டென்டின் மேலேயே கல் படிந்து, இழுத்தால் வராத நிலை ஏற்படும். சிலருக்குப் பல அறுவை சிகிச்சைகள் தேவைப்பட்டு, சிறுநீரகமே பாழாகிவிடுவதும் உண்டு. எனவே ஸ்டென்ட் வைத்த தேதியையும் எடுக்க வேண்டிய தேதியையும் வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். நோயாளி மட்டுமின்றி வீட்டில் இன்னொருவரும் அதை அறிந்திருக்க வேண்டும். வெளிநாடு செல்பவர்கள் அதை எடுத்த பிறகே பயணத் தேதியை முடிவு செய்வது நல்லது.

சிகிச்சை 5: முதுகுத் துளை வழியாக எடுத்தல்

2 சென்டிமீட்டரைவிடப் பெரிய கற்களுக்கும், சிறுநீரகத்தின் அறைகளை நிரப்பி மான்கொம்பு போல் வளர்ந்த கற்களுக்கும் பி.சி.என்.எல். முறைதான் முதல் தேர்வு. முதுகுப் பக்கம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் துளையிட்டு, அதன் வழியே கருவியைச் செலுத்திக் கல்லை உடைத்து வெளியே எடுப்பார்கள். 1976-ல் ஸ்வீடன் மருத்துவர்கள் இம்முறையை அறிமுகப்படுத்தினர். இப்போது இதைவிடச் சிறிய துளையில் செய்யும் 'மினி' முறையும் உள்ளது.

பெரிய கல்லை அதிகபட்சம் ஒரே முறையில் நீக்க இதுவே சிறந்த வழி. அதற்கேற்ப ஆபத்தும் சற்று அதிகம். ரத்தக் கசிவு, காய்ச்சல் ஆகியவை வரலாம். சிலருக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். சில நாட்கள் மருத்துவமனையில் தங்க வேண்டும். வயிற்றைக் கிழித்துச் செய்யும் பழைய அறுவை சிகிச்சை இப்போது மிக அரிதாகவே தேவைப்படுகிறது.

சிறுநீர்ப்பைக் கல்

வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர் முழுமையாக வெளியேறாமல் தேங்கும்போது சிறுநீர்ப்பையிலேயே கல் உருவாகிறது. சிறுநீர் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று நின்றுவிடுவது இதன் அடையாளங்களில் ஒன்று. உள்நோக்கிக் கருவியால் கல்லை உடைத்து எடுத்துவிடலாம். ஆனால் புராஸ்டேட் வீக்கத்துக்கும் சேர்த்துச் சிகிச்சை செய்யாவிட்டால் கல் மீண்டும் வரும்.

மனிதன் கல்லுக்காகக் கத்தி எடுத்த மிகப் பழைய நோய்களில் இதுவும் ஒன்று. 10-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் குர்துபாவில் வாழ்ந்த அறுவை மருத்துவர் அஸ்ஸஹ்ராவி, தமது 30 பாகங்கள் கொண்ட 'அத்தஸ்ரீஃப்' நூலில் சிறுநீர்ப்பைக் கல்லை அகற்றும் முறையையும் அதற்கான கருவிகளையும் விளக்கியுள்ளார். மருத்துவர் அர்ராஸியும் சிறுநீரகம், சிறுநீர்ப்பைக் கற்களைப் பற்றித் தனி நூலே எழுதியவர். நோய்க்கு மருத்துவம் தேடுவது நம் முன்னோர் கற்றுத் தந்த பாடம்தான்.

வாழைத்தண்டும் பீரும்

வாழைத்தண்டைச் சமைத்து உண்பதில் தவறில்லை. அதன் சாற்றைக் குடித்ததும் கல் விழுந்துவிட்டது என்று சொல்பவர்களில் பலருக்கு அது தானாகவே விழக்கூடிய சிறிய கல்லாக இருந்திருக்கும். 12 மில்லிமீட்டர் கல்லால் குழாய் அடைபட்டவர் சாற்றை நம்பி மூன்று மாதம் காத்திருப்பது வேறு விஷயம். சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்கள் பொட்டாசியம் அதிகமுள்ள சாறுகளை மருத்துவரைக் கேட்காமல் குடிக்கவே கூடாது.

"பீர் குடித்தால் கல் கரையும்" என்று வேலை இடங்களில் சிலர் சொல்வதுண்டு. நமக்கு ஹராமான ஒன்றை மருந்தென்று நம்பவைக்கும் இந்தப் பேச்சுக்கு மருத்துவ அடிப்படையும் கிடையாது. பீர் கல்லைக் கரைப்பதில்லை. சிறிது நேரம் சிறுநீரை அதிகமாக்கிப் பிறகு உடலை வறளச் செய்யும். யூரிக் அமிலத்தையும் கூட்டும். சிறுநீர் அதிகமாக வேண்டுமென்றால் தண்ணீரே போதும்.

மீண்டும் வராமல் இருக்க

ஒரு முறை கல் வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பத்து ஆண்டுகளுக்குள் மீண்டும் வர வாய்ப்புண்டு. எனவே கல்லை எடுத்ததோடு வேலை முடிந்துவிடவில்லை.

தண்ணீர்: ஒரு நாளில் வெளியேறும் சிறுநீர் இரண்டரை லிட்டர் இருக்க வேண்டும். அதற்கு நம் ஊர் வெயிலில் மூன்று லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டியிருக்கும். சிறுநீர் வெளிர் நிறமாக இருப்பதே எளிய அடையாளம். இத்தாலியில் முதல் முறை கல் வந்த 199 பேரை ஐந்து ஆண்டுகள் கவனித்த ஆய்வில், அதிகம் தண்ணீர் குடித்தவர்களில் 12 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் 27 சதவீதத்தினருக்கும் மீண்டும் கல் வந்தது. இதய நோய், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவையே பின்பற்ற வேண்டும்.

உப்பு: ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் நொறுக்குத்தீனிகளைக் குறையுங்கள். உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும்.

பால், தயிர்: கால்சியம் கல் என்றவுடன் பாலை நிறுத்திவிடுவது பரவலான தவறு. உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வெளியேற்றிவிடும். மீண்டும் மீண்டும் கல் வந்த 120 ஆண்களை வைத்துச் செய்யப்பட்டு 2002-ல் வெளியான இன்னொரு இத்தாலிய ஆய்வில், கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்கு மீண்டும் கல் வந்தது. கால்சியத்தைக் குறைக்காமல் உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்குத்தான் வந்தது.

இறைச்சி: அறவே விட வேண்டியதில்லை. அளவைக் குறைக்க வேண்டும். யூரிக் அமிலக் கல் உள்ளவர்கள் ஈரல், மூளை, குடல் போன்றவற்றைத் தவிர்ப்பது நல்லது. பெருநாள் நாட்களில் மூன்று வேளையும் இறைச்சி என்றாகும்போது தண்ணீரையும் காய்கறியையும் மறந்துவிடாதீர்கள்.

ஆக்சலேட்: பசலைக் கீரை, பீட்ரூட், பாதாம், முந்திரி ஆகியவற்றை அளவோடு சாப்பிடலாம். தக்காளி விதைதான் கல்லாகிறது என்பது தவறான நம்பிக்கை. வைட்டமின் சி மாத்திரைகளை அதிக அளவில் சாப்பிடுவது ஆக்சலேட்டைக் கூட்டும்.

எலுமிச்சை: இதிலுள்ள சிட்ரேட் கல் உருவாவதைத் தடுக்க உதவும். உப்பும் சர்க்கரையும் சேர்க்காமல் குடியுங்கள்.

நோன்பும் கல்லும்

கல் இருந்து எடுக்கப்பட்டு, இப்போது அடைப்போ பாதிப்போ இல்லாதவர்கள் பெரும்பாலும் மருத்துவரின் ஆலோசனையுடன் நோன்பு நோற்கலாம். இஃப்தாருக்கும் சஹருக்கும் இடையிலான நேரத்தில் தண்ணீரைப் பிரித்துக் குடிக்க வேண்டும். சஹர் முடிவில் ஒரேயடியாகக் குடிப்பது உடனே சிறுநீராகப் போய்விடும். இஃப்தாரில் உப்பு நிறைந்த வடை, சமோசாவைக் குறைத்து நோன்புக் கஞ்சி, பழங்கள், தண்ணீருக்கு முதலிடம் கொடுங்கள். தினமும் மூன்று வேளை மாத்திரை சாப்பிடுபவர்கள் ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் நேரத்தை மாற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கல் வலி, காய்ச்சல், அடைப்பு உள்ளவர்கள், சிகிச்சை முடிந்து சில நாட்களே ஆனவர்கள், ஸ்டென்டுடன் இருப்பவர்கள், ஒரே சிறுநீரகத்துடன் வாழ்பவர்கள் மருத்துவர் அனுமதிக்காமல் நோன்பு வைத்துத் தங்களை வருத்திக்கொள்ள வேண்டாம். நோயாளிகளுக்கு வேறு நாட்களில் நோற்கும் சலுகையை மார்க்கமே வழங்கியிருக்கிறது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளும் முன் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

• கல்லின் அளவு என்ன? எந்த இடத்தில் இருக்கிறது? சிறுநீரகத்தில் வீக்கம் உள்ளதா?
• காத்திருந்து பார்க்கலாமா? எத்தனை நாள்?
• இந்தச் சிகிச்சையை ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள்? ஒரே முறையில் முடியுமா?
• ஸ்டென்ட் வைப்பீர்களா? எந்தத் தேதியில் எடுக்க வேண்டும்?
• மருத்துவக் காப்பீட்டில் இது அடங்குமா? ஸ்டென்ட் எடுக்கும் செலவும் சேர்ந்ததா?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் சிறுநீரியல் பிரிவிலும் இந்தச் சிகிச்சைகளைப் பற்றி விசாரிக்கலாம். பெண்களில் சிலர் கூச்சத்தின் காரணமாகவே மாதக்கணக்கில் வலியைப் பொறுத்துக்கொள்கிறார்கள். பெண் மருத்துவர் வேண்டுமென்றோ, பரிசோதனையின்போது பெண் செவிலியர் உடனிருக்க வேண்டுமென்றோ கேட்பது அவர்களின் உரிமை. கணவரும் பிள்ளைகளும் இதற்கு முன்நின்று ஏற்பாடு செய்ய வேண்டும்.

எந்த முறையில் சிகிச்சை பெற்றாலும், தானாகவே கல் விழுந்ததாக நினைத்தாலும், மருத்துவர் சொல்லும் நாளில் மீண்டும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள். கல்லும் இல்லை, வீக்கமும் இல்லை என்று அந்த அறிக்கை சொன்ன பிறகே இந்தக் கல்லின் கணக்கை முடித்துக்கொள்ள வேண்டும்.